எட்டாம் பிளாக் மீன்கொத்தியும் கான்ட்ராக்டர் மாசிலாமணியும்

ஆலம்பாக்கம் குடியிருப்பின் எட்டாம் பிளாக்கைக் கட்ட மணல் அள்ளியது எந்த ஆற்றில் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, ஆனால் அந்த மணல் கடைசியில் யாருடைய உடம்பில் போய்ச் சேர்ந்தது என்பது கருவாடு விற்கிறவளிலிருந்து ஷேர் ஆட்டோக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். கேட்டால், போன வாரம் கரன்ட் போன கதையைச் சொல்வதுபோலச் சாவகாசமாகச் சொல்வார்கள். தேசம்மா ஒருத்தி மட்டும் சொல்ல மாட்டாள், பூசணிக்காயின் மேல் குனிந்து மீசைக்கு மை தொட்டுக்கொண்டிருப்பாள்.

பூசணிக்காயில் முகம் எழுதுவதுதான் அவள் தொழில். புது வீடோ, புதுக் கடையோ, பாதியில் நிற்கிற கட்டடமோ, எதுவானாலும் கண்ணேறு படாமலிருக்க வாசலில் ஒரு திருஷ்டிப் பூசணி தொங்கியாக வேண்டும், அதில் உருட்டு விழியும் கோரைப் பல்லும் தொங்கும் நாக்கும் முறுக்கு மீசையுமாக ஒரு மூஞ்சி இருந்தாக வேண்டும், வருகிறவன் போகிறவன் கண்ணெல்லாம் முதலில் அந்த மூஞ்சியில் பட்டு அதோடு தொலைந்துபோக வேண்டும் என்பது கணக்கு. பட்டணம் வீங்கிக்கொண்டே போன காலம் என்பதால் பேருந்து நிறுத்தத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்த தேசம்மாவுக்கு வேலைக்குக் குறைவில்லை. எட்டாம் பிளாக் எழும்பியபோது அதற்குப் பூசணி வாங்கிப் போனவரும் அதைக் கட்டிய கான்ட்ராக்டர் மாசிலாமணிதான். காரிலிருந்து இறங்காமலே கண்ணாடியைக் கீழே இறக்கி, “நல்லா பயமா எழுதும்மா, நாலு கண்ணு படுற எடம்” என்றார். அவளும் நல்லா பயமாகத்தான் எழுதிக் கொடுத்தாள். இரண்டு வருஷம் கழித்து, வாய்க்கால் கரைக் குடிசைகளைப் பிரித்து எல்லோரையும் ஆலம்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பியபோது, குலுக்கலில் அவளுக்கு விழுந்ததும் அதே எட்டாம் பிளாக், நாலாம் மாடி.

அவள் புருஷன் கஜபதி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன், தூக்குகிற உடம்புக்கு ஒரு மடக்கு ஊற்றிக்கொள்ளாமல் முடியாது என்று கூட்டாளிகள் சத்தியம் செய்தும் வாயில் வைக்காதவன், இருமல் மருந்து குடித்தால்கூடத் தலை சுற்றுகிறது என்று சுருண்டு படுத்துக்கொள்பவன். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மகள் யமுனாவின் பள்ளிக்கூடச் சட்டையைத் துவைத்துப் பிழிந்து பால்கனிக் கொடியில் போடுவதற்காகக் கைப்பிடிச் சுவரில் லேசாகச் சாய்ந்தான், டீயில் நனைந்த பொறை பிஸ்கட் மாதிரி சுவர் பிட்டுக்கொண்டு போனது, ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடியே அவனும் போனான்.

போலீஸ் வருவதற்கு முன்னால் மாசிலாமணி வந்தார். வெள்ளைச் சட்டை, பாதி அறுந்த இடது புருவம், மூக்கு நுனியில் மிளகளவு மச்சம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களை மாடிப்படியடியில் கூட்டி, “கட்டடம் சரியில்லன்னு எழுதுனா மொத்த பிளாக்கையும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க, இதுக்கும் அந்தாண்ட இருபது கிலோமீட்டர் தள்ளிப் போடுவாங்க, குடிச்சிட்டு விழுந்தான்னு எழுதுனா யாருக்கும் நஷ்டமில்ல, செத்தவனுக்கு இனிமே என்ன மானம் மரியாதை” என்று பக்குவமாகச் சொன்னார். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள், அதில் ஆறு பேர் பெருவிரல் ரேகை. தேசம்மாவோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள், ஒரே வாய்க்கால் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள்.

சாவுக்கு அழுது தீர்த்துவிடலாம், அந்த ஒரு வரியை அழுது தீர்க்க முடியவில்லை. ‘குடிபோதையில் தவறி விழுந்தார்.’ யமுனாவின் வகுப்பில்கூட அதைச் சொன்னார்கள். ஒப்பாரிக்கு வந்த பெண்கள், “மண்ண வாரித் தூத்துடி தேசம்மா, வயிறெரிஞ்சு தூத்து, அவன் வம்சமே வெளங்காமப் போவட்டும்” என்றார்கள். அவள் உடைந்த கைப்பிடிச் சுவரின் ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். இறுக்கிப் பிடித்தவுடன் பொலபொலவென்று மணலாக உதிர்ந்தது, சிமென்ட் என்று சொல்லிக்கொள்ள நகக்கண் அளவு சாம்பல் நிறம்கூட அதில் இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவள் அதைத் தூற்றவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“தூத்துனா காத்துல போய்டும்” என்றாள்.

சுவர் பிட்டுக்கொண்ட இடத்திலிருந்து ஒரு விரிசல் கிளம்பி நாலாம் மாடியிலிருந்து தரை வரைக்கும் பாம்பாக இறங்கியது. மனு கொடுத்தார்கள், மறுமனு கொடுத்தார்கள், கடைசியில் மாசிலாமணி ஆள் அனுப்பினார், ஆனால் வந்தது கொத்தனார் இல்லை, ஓவியர்கள். குடியிருப்பையே வண்ணமாக்கப் போகிறோம், தேசம் பூரா இருந்து ஜனம் வந்து பார்க்கும் என்றார்கள். சாரம் கட்டி இருபது நாள் வரைந்தார்கள். ஐந்தடுக்கு உயரத்துக்கு ஒரு மீன்கொத்தி, ஆரஞ்சு வயிறு, கடலைக் கிழித்து ஒட்டினாற்போல நீலச் சிறகு, விரிசல் ஓடிய பாதை முழுவதும் அந்தச் சிறகுக்குள் அடங்கிப்போனது. பொய் சொல்வானேன், பறவை அழகாகத்தான் இருந்தது. தேசம்மாவுக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

ஓவியர்களுக்குத் தலைவியாக வந்த ஷெரின் என்ற பெண் ஈரமனசுக்காரி. தேசம்மாவின் பூசணிகளைப் பார்த்துவிட்டு, “அக்கா, பறவையோட காலடியில உங்களுக்குன்னு ஒரு இடம் விட்டிருக்கேன், உங்க இஷ்டத்துக்கு ஒண்ணு வரைங்க” என்றாள். மிச்சமிருந்த வண்ணத்தை ஒரு டப்பாவில் கேட்டு வாங்கிய தேசம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், மணலைக் கொட்டினாள், வேப்பங்குச்சியால் நிதானமாகக் கலக்கினாள். முறத்தை விடப் பெரிதாய் ஒரு மூஞ்சி எழுதினாள். உருட்டு விழி, கோரைப் பல், தொங்கும் நாக்கு, முறுக்கு மீசை, எல்லாம் வழக்கம்போலத்தான். இடது புருவத்தைப் பாதியோடு நிறுத்தினாள், மூக்கு நுனியில் ஒரு மிளகு வைத்தாள்.

திறப்புவிழா அன்று மாசிலாமணி மாலையும் கழுத்துமாக அந்த மூஞ்சிக்குப் பக்கத்திலேயே நின்று கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார். சின்னப் பிள்ளைகளெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. ஊரிலிருக்கிற மூஞ்சியெல்லாம் தெரிந்தவனுக்கும் தன் மூஞ்சி தெரியாது. அன்று சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றியபோது அவர் இடது முழங்கையில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது, வலி இல்லை, ரத்தம் இல்லை, கையை மடக்கியபோது அதிலிருந்து ஒரு சிட்டிகை மணல் தரையில் விழுந்தது. சைட்டிலிருந்து வந்த மண்ணாயிருக்கும் என்று அவர் மனைவி பெருக்கித் தள்ளினாள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேமராக்காரர்கள் வந்தார்கள். கூட்டம் கூட்டமாகத் தொப்பியும் முதுகுப் பையுமாக வந்து மீன்கொத்தியை எடுத்தார்கள், மீன்கொத்தி அலுத்தபோது குழாயடியை எடுத்தார்கள், துணி உலர்த்துகிறவளை எடுத்தார்கள், மூக்கொழுகுகிற பிள்ளையை எடுத்தார்கள், மாவரைத்து வருகிறவளின் இடுப்பை எடுத்தார்கள். “நாங்க இன்னா வண்டலூர் கொரங்கா?” என்று ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள். கேமராக்காரர்களில் சுதர்சனம் என்ற ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் மட்டும் ஒரு வாரம்கூடத் தவறமாட்டார். யாரை எடுத்தாலும், “கேமராவப் பாக்காதீங்கம்மா, நீங்கபாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க, அப்பதான் இயல்பா வரும்” என்று கெஞ்சுவார். இயல்பாக இருப்பதற்காக மனிதர்கள் அவரைக் கண்டதும் ஓடினார்கள்.

அந்தச் சுதர்சனம்தான் முதலில் கவனித்தார். பூசி இரண்டு மாதத்திலேயே சிறகின் நீலத்தைப் பிளந்துகொண்டு விரிசல் மறுபடி தலைகாட்டியிருந்தது. ஒரு ஞாயிறு அவர் குழாயடிக்கு வந்து தன் கேமராவின் பின்பக்கத்தில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினார். “இது போன மாசம், விரிசல் தரை வரைக்கும் இருக்கு. இது போன வாரம், முதல் மாடியோட நிக்குது. இன்னிக்குப் பாருங்க, ரெண்டாம் மாடிக்கு ஏறிடுச்சு. கிழிஞ்சது தானே தச்சுக்கிற மாதிரி இருக்கேம்மா!” அதே வாரம் மூன்றாம் பிளாக்கில் குடியிருக்கும் கொத்தனார் ஏகாம்பரம், முதலாளி மாசிலாமணிக்கு முதுகெல்லாம் கோடு கோடாக வெடித்திருக்கிறது, காரை விட்டு இறங்கினால் சீட்டில் அரைப்படி மணல் கிடக்கிறது, “நல்லா சலிச்ச மணலு, கல்லு கூட இல்ல” என்று டீக்கடையில் சொன்னார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமானதாக இருந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் லாரி சொன்ன நாளில் வந்திருந்தால்தான் ஆலம்பாக்கம் ஆச்சரியப்பட்டிருக்கும்.

படம் எடுக்க எடுக்கச் சுவர் கூடுகிறது, மாசிலாமணி பிளக்கிறார், அவ்வளவுதான் விஷயம் என்று ஆனதும் சாத்திய கதவெல்லாம் திறந்துகொண்டது. கேமராவோடு யார் வந்தாலும் நாற்காலி போட்டார்கள், மோர் கொடுத்தார்கள். மகளிர் குழு கூடி யார் எங்கே எப்போது இயல்பாக இருப்பது என்று முறை வைத்தது: எட்டு மணி வெயில் சிறகில் படும்போது கோட்டீஸ்வரி அதன் கீழே தலை வாருவாள், ஒன்பது மணிக்கு ஆவி பறக்க இட்லிச் சட்டி திறக்கப்படும், பத்து மணிக்குக் கிழவர் ஆதிமூலம் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து மூஞ்சிக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தபடி தூங்குவார், தூக்கம் வராவிட்டாலும் தூங்குவார். பிள்ளைகள் பச்சைக்குதிரை தாண்டித் தாண்டி முட்டியைத் தேய்த்துக்கொண்டன. செல்போனில் எடுத்தால் கணக்கில் சேருமா என்று ஒரு வாரம் வழக்கு நடந்தது, சேரும் என்று தெரிந்தது. தன்னைத்தானே எடுத்துக்கொள்கிறவர்கள் மண்டையால் சுவரை மறைப்பதால் அது அரைக் கணக்குதான் என்றும், எடுத்ததை அழித்துவிட்டால் விரிசல் ஒரு நூல் இறங்கிவிடுகிறது என்றும் அனுபவத்தில் கண்டார்கள். அதனால் பேருந்து ஏறுகிறவர்களிடம் ஜன்னல் வழியாக, “அண்ணா, நல்லா வரலேன்னாலும் அழிச்சிடாதீங்கண்ணா, புண்ணியமாப் போவும்” என்று கும்பிட்டு வழியனுப்பினார்கள்.

கையெழுத்துப் போட்ட பதினோரு பேருக்கு மட்டும் இதில் ஒரு பங்கு வந்தது. வலது கைப் பெருவிரல் நுனியில் ஊசித்துளையளவு வெடிப்பு, சோற்றைப் பிசையும்போது அதிலிருந்து மணல் உதிரும். அடுத்தவள் சோற்றில் மண்ணள்ளிப் போட்டவர்கள் தங்கள் சோற்றையும் மண்ணோடு நறநறவென்று தின்றார்கள். ஸ்பூனில் தின்று பார்த்தார்கள், ஸ்பூன் வழியாகவும் வந்தது. அவர்களில் மூத்தவளான கோட்டீஸ்வரி ஒருநாள் புங்கமரத்தடிக்கு வந்து நின்றாள்.

“பல்லெல்லாம் தேஞ்சிபோச்சு தேசம்மா.”

“மெல்லு” என்றாள் தேசம்மா, தலை நிமிராமல். “இன்னும் கொஞ்சம் மெல்லு.”

மாசிலாமணியும் சும்மா இருக்கவில்லை. புகைப்படம் எடுக்கத் தடை என்று பெரிய பலகை வைத்தார், வந்தவர்களெல்லாம் அந்தப் பலகையோடு சேர்த்து மீன்கொத்தியை எடுத்தார்கள், வழக்கத்தை விட மூன்று மடங்கு. ஆள் வைத்து அந்த மூஞ்சியின் மேல் வெள்ளையடிக்கச் சொன்னார், வெள்ளை காய்ந்ததும் முதலில் இரண்டு விழிகள் வெளியே வந்தன, பிறகு மச்சம், பிறகு நாக்கு, வெள்ளையடித்தவர்களே அந்த அதிசயத்தை ஆளுக்கு நாலு படம் எடுத்தார்கள், கன்னத்தில் புதிதாக ஒரு வெடிப்போடு மாசிலாமணி கண்ணாடி முன்னால் நின்றார். டாக்டர் களிம்பு கொடுத்தார். களிம்பு மணலோடு கலந்து காரையாகி உதிர்ந்தது. அவர் மனைவி காலையில் ஒரு கூடை, மாலையில் ஒரு கூடை என்று வாரிக் கொட்டினாள், கல்யாண வீட்டுப் பந்தியில் அவருக்கு இரு பக்கத்து இலைகளும் காலியாகக் கிடந்தன.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், சுதர்சனமும் அவர் கூட்டத்தாரும் வந்திருந்த ஒரு காலை வேளையில், மாசிலாமணி காரை விட்டு இறங்கிப் புங்கமரத்தடிக்கு நடந்துவந்தார். இந்த முறை இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. நடந்த வழியெல்லாம் மணல் கோடு போட்டுக்கொண்டு வந்தது.

“அந்த மூஞ்சிய அழிச்சிடும்மா. உன் கையால எழுதுனத உன் கையாலதான் அழிக்க முடியுமாம்.”

“இன்னா நடந்துச்சின்னு சொல்லு” என்றாள் தேசம்மா. “இங்க இல்ல. அங்க, செவுத்தாண்ட நின்னு சொல்லு.”

எட்டாம் பிளாக்கின் எல்லா பால்கனிகளிலும் தலைகள் முளைத்தன. இருபது கேமராக்கள் உயர்ந்தன. மாசிலாமணி சுவரடியில் நின்று, கஜபதி குடிக்கவில்லை, ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, நான்தான் சுவருக்குச் சிமென்ட் போடவில்லை, நான்தான் பொய் எழுதச் சொன்னேன் என்று உரக்கச் சொன்னார், சொல்லும்போது உதட்டோரத்திலிருந்தும் மணல் வழிந்தது. பதினோரு பேரும் முன்னால் வந்து ஆமாம் என்றார்கள், நாங்களும்தான் என்றார்கள், சுதர்சனத்தின் நோட்டிலேயே புதிதாக எழுதிக் கையெழுத்தும் ரேகையும் வைத்தார்கள். ரேகை வைத்ததும் அவர்கள் விரல் வெடிப்பு கூடிக்கொண்டது. யமுனா அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள், மடித்துத் தன் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“சொல்லிட்டேன்” என்றார் மாசிலாமணி. “மன்னிச்சிடும்மா. அழிச்சிடு.”

தேசம்மா அவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். வயிறு குளிரும் என்று நினைத்திருந்தாள், குளிரவில்லை. சொன்னதைக் கேட்க அவன் இல்லை, ஈரச் சட்டையோடு போய்விட்டான்.

“மன்னிக்கிறது என் தொழில் இல்ல, சார். திருஷ்டி கழிக்கிறதுதான் என் தொழில்.”

மாசிலாமணி விறுவிறுவென்று போய்க் காரில் ஏறினார். இருபது கேமராவிலும் தன்னோடு சேர்ந்து பதிந்துவிட்டவரைச் சுவர் இனிமேல் விடுவதாயில்லை. கார் டீக்கடையைத் தாண்டியதும் எட்டாம் பிளாக் ஒரு முனகல் முனகியது, மூடியிருந்த விரிசல் மொத்தமும் ஒரே மூச்சில் திரும்பி ஓடிவந்து மீன்கொத்தியின் சிறகைத் தலையிலிருந்து கால் வரை பிளந்தது, ஆதிமூலம் இந்த முறை நிஜமாகவே கட்டிலிலிருந்து குதித்தார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் காருக்கு முன்னால் ஓடினார்கள். யாரும் கையை ஓங்கவில்லை, கல்லெடுக்கவில்லை. ஏகாம்பரம்தான் கதவைத் திறந்து, மரியாதையாக, “எறங்குங்க மொதலாளி, உள்ள தொண்ணூத்தாறு குடும்பம் இருக்குது” என்றார். மாசிலாமணி இறங்கி நாலடி திரும்பி வைத்ததும் விரிசல் நாலடி மூடியது. சுவரடி வரைக்கும் நடந்தார், சுவர் முழுசாகக் கூடியது. யாரோ ஒரு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அந்த மூஞ்சிக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

“இதை இடிச்சிட்டுப் புதுசாக் கட்டித் தரேன், சிமென்ட் போட்டு, கம்பி போட்டு, என் சொந்தச் செலவுல” என்று கதறினார் அவர்.

“கட்டு” என்றாள் தேசம்மா. “அதுவரைக்கும் நீ கட்டுன செவுத்துக்குக் கீழ நீயே ஒக்காரு. இன்னா பயம்?”

இடிப்பதற்கு அனுமதி கேட்டு அன்றைக்கே மனு எழுதினார். அந்த ஃபைல் எந்த மேஜையில் எத்தனை மாதம் தூங்கும் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும், தூங்கவைத்துப் பழக்கியவரே அவர்.

இப்போது அவர் அங்கேதான் இருக்கிறார். தரைத்தளத்தில் ஒரு அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள், வேளைக்குச் சோறு, வெயிலுக்குக் குடை, கிடா நேர்ந்துவிட்ட வீட்டில் கிடாவைப் பார்ப்பதுபோலப் பதவிசாகப் பார்த்துக்கொள்கிறார்கள். மழை வந்து மூஞ்சியின் மீசை வெளுத்தால் தேசம்மா வந்து புதுசாக எழுதிவிட்டுப் போகிறாள். உதிர்ந்த மணலைச் சேர்த்துவைத்துப் பிள்ளைகள் விளையாட ஒரு திட்டு கொட்டியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு அமாவாசையும் அவள் பழைய பூசணிகளை இறக்கிப் புதுசு கட்டுவாள். அழுகியதை முச்சந்திக்கு எடுத்துப்போய் ஓங்கி உடைப்பாள். போன அமாவாசையன்று அவள் காயோடு அந்தப் பக்கம் போனபோது மாசிலாமணி எழுந்து நின்று கேட்டார்.

“என்னைய எப்பம்மா விடுவ?”

அவள் நின்றாள். கையிலிருந்த காயை விரலால் அழுத்திப் பார்த்தாள், பிறகு அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

“கட்டும்போதே ஒடைக்கிற நாள் குறிக்க மாட்டாங்க, சார். மொதல்ல காய் நல்லா அழுவட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை சுதர்சனம் வந்தார், கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினார், நாற்காலியிலிருந்தவர் முகத்தைக் கையால் மறைக்கப் போக, பழக்கதோஷத்தில், “கேமராவப் பாக்காதீங்க சார், நீங்கபாட்டுக்கு இயல்பா இருங்க” என்றார்.

“இல்ல” என்றாள் தேசம்மா, புங்கமரத்தடியிலிருந்து, ஒரு காய்க்கு விழி வைத்தபடியே. “கைய எடு. நேராப் பாரு.”

மாசிலாமணி கையை எடுத்து, நேராகப் பார்த்தார்.